மாட்டு மந்தையும் மருத்துவர் கத்தியும்



மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு ஒற்றைச் சொல்லால் நேரும் இடர் பிறருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். தலைநகரில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், ஆங்கிலத்தைத் தமிழாக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். நான் கலைப் பட்டம் பெற்றவன். கால்நடை மருத்துவம் கற்றவனல்லேன். ஆயினும் அலுவலகத்தில் வரும் தாள்கள் என் படிப்பைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இன்று அணைக்கட்டைப் பற்றி வரும். நாளை அஞ்சல் விதிகளைப் பற்றி வரும். அவ்வாறே சில திங்களுக்கு முன்னர், கால்நடை வளர்ப்பைப் பற்றிய கட்டுரை ஒன்று என் மேசைக்கு வந்து சேர்ந்தது. இறைச்சிக்கென வளர்க்கப்படும் பசுக்கள் சினைப்படாதவாறு அறுவை செய்யும் முறைகள் என்பது அதன் பொருள்.

முதல் வரியிலேயே நான் தடைப்பட்டு நின்றேன். அவ்வறுவைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பே' என்று ஓரசைச் சொல் ஒன்று இருக்கிறது. தமிழிலோ, காளைக்குச் செய்வதற்குக் காயடித்தல், விதையடித்தல், நலமடித்தல் என்று சொற்கள் பல உண்டு. பசுவுக்குச் செய்வதற்குச் சொல் ஒன்றும் அகப்படவில்லை. அகராதிகளைப் புரட்டினேன். 'மலடாக்குதல்' என்று ஒன்று கிடைத்தது. அச்சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

அகராதி கைவிட்டபோது ஊரை நாடுவதுதானே வழக்கம்? காங்கேயத்துக்கு அருகில் என் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். வாழ்நாள் முழுவதும் மாடுகளோடு பழகியவர். தொலைபேசியில் அவரை அழைத்து, பசுவுக்கு இவ்வாறு செய்வதை நம் பக்கத்தில் என்னவென்று சொல்லுவார்கள் என்று வினவினேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பசுவுக்கு எதுக்குக் கண்ணு அதெல்லாம்? ஈனாத மாட்டை வெச்சு என்ன பண்றது?" என்றார்.

நான் தேடிய சொல் அவரிடம் கிடைக்கவில்லை. ஆனால், அது ஏன் தமிழில் இல்லை என்பதற்கு விடை கிடைத்தது. நம் நாட்டு உழவனுக்குப் பசுவின் பயன் கன்றும் பாலும். கன்று இல்லையேல் பால் இல்லை. பால் இல்லையேல் பசுவைப் பேணுவது எவ்வாறு? ஆகவே பசு சினைப்படவில்லையே என்று மருத்துவரிடம் ஓடியவர்கள் நம் முன்னோர்; சினைப்படாமல் இருக்கச் செய்யுங்கள் என்று ஓடியவர் எவரும் இலர். இல்லாத வினைக்குச் சொல் எவ்வாறு இருக்கும்?

எனினும் பெரியப்பாவின் கேள்வி என்னை விடவில்லை. உலகில் எங்கோ ஓரிடத்தில், அறிவுடைய மாந்தர், பணமும் உழைப்பும் செலவிட்டு, பசு ஈனாதிருக்க வேண்டும் என்று அதன் உடலில் கத்தி வைக்கிறார்கள். அஃது ஏன்? அதனைத் தெரிந்துகொள்ளாமல் மொழிபெயர்ப்பது பொறுப்பற்ற செயலாகும் என்று கருதி, கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். படித்ததில் தெளிந்தவற்றையே இன்று தங்கள்முன் வைக்கிறேன்.

இவ்வறுவை மிகுதியாக நடைபெறும் இடங்களுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் வடபகுதி. குவீன்ஸ்லாந்தின் வடபால், நார்தர்ன் டெரிட்டரி, மேற்கு ஆஸ்திரேலியாவைச் சார்ந்த கிம்பர்லி வட்டாரம் ஆகியவற்றை மனத்திற் கொள்ளுங்கள். அங்குள்ள மாட்டுப் பண்ணைகளின் பரப்பை நம் அளவுகளால் எண்ணிப் பார்ப்பதே அரிது. எடுத்துக்காட்டாக, பார்க்லி மேட்டுநிலத்தில் உள்ள புருனெட் டௌன்ஸ் என்னும் பண்ணையின் பரப்பு ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர். தில்லி ஆட்சிப் பகுதி முழுவதும் சேர்ந்தே 1,483 சதுர கிலோமீட்டர்தான். ஆக, நாம் பேருந்திலும் மெட்ரோ வண்டியிலும் நாள்தோறும் அலைந்து களைக்கின்ற இத்தலைநகரைப்போல் எட்டு மடங்கு நிலம் ஒரே ஒரு பண்ணைக்கு உரியது!

இத்தகைய நிலத்தில் மாட்டை நாள்தோறும் பார்ப்பது இயலாது. ஆண்டிற்கு ஒரு முறையோ இரு முறையோ, ஹெலிகாப்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் குதிரையிலும் ஆட்கள் சென்று, சிதறிக் கிடக்கும் மந்தையை ஓட்டி வந்து பட்டியில் அடைப்பார்கள். கன்றுகளுக்குக் குறியிடுவது, ஊசி போடுவது, விற்பனைக்கு உரியவற்றைப் பிரிப்பது எல்லாம் அந்தச் சில நாட்களில் முடிந்தாக வேண்டும். முடிந்ததும் பட்டியின் வாயில் திறக்கப்படும். மாடுகள் மீண்டும் வெளியில் மறையும். அடுத்து மனிதன் முகத்தைக் காண அவற்றுக்கு ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும்.

அம்மாடுகள் எவ்வினத்தைச் சார்ந்தவை என்பதைக் கேட்டால் தாங்கள் வியப்படைவீர்கள். திமிலும் தொங்கு தாடியும் தளர்ந்த தோலும் உடைய அவை பெரும்பாலும் நம் நாட்டு மாடுகளின் வழித்தோன்றல்களே. ஆந்திர நாட்டு ஓங்கோல் மாடு, குஜராத்தின் கிர், காங்க்ரேஜ் மாடுகள், கிருஷ்ணைப் பள்ளத்தாக்கு மாடு ஆகியன பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1906-ஆம் ஆண்டில், டெக்சாஸ் மாநிலத்துப் பியர்ஸ் பண்ணையைச் சார்ந்த போர்டன் என்பவர் இந்தியாவிலிருந்தே கால்நடைகளைக் கப்பலேற்றிச் சென்றார். இவற்றின் கலப்பால் அங்கே உருவான இனத்துக்குப் 'பிராமன்' என்று பெயரிட்டார்கள். 1933-ஆம் ஆண்டில் அவ்வினம் குவீன்ஸ்லாந்துக்கு வந்து சேர்ந்தது. வெப்பத்தைத் தாங்குவதும், உண்ணிக்கு எளிதில் இரையாகாமல் நிற்பதும் அதன் சிறப்பு. ஆகவே அது வடபகுதி முழுவதும் பரவிற்று. குண்டூரிலும் அகமதாபாத்திலும் இருந்துகொண்டு இப்பேச்சைக் கேட்கும் தமிழன்பர்கள், தம் தெருவிற் காணும் மாட்டின் உறவினத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன் என்று கொள்ளலாம்.

இனி, கன்று ஈனுவது அங்கே ஏன் தொல்லையாயிற்று என்பதைக் காண்போம். அந்நிலத்தில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம். எஞ்சிய மாதங்களில் வறட்சி. மழை பெய்தவுடன் புல் செழிக்கும். வறட்சியின் கடைக்கூற்றில், அதாவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், புல் இருந்தும் பயனில்லை. காய்ந்து சருகாகிப் புரதச் சத்தை இழந்து நிற்கும் அப்புல் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. நிலத்திலும் பல இடங்களில் பாஸ்பரஸ் குறைவு.

பல பண்ணைகளில் பொலிகாளைகள் ஆண்டு முழுவதும் மந்தையோடு திரிகின்றன. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 285 நாட்கள். டிசம்பர் நடுவில் காளை சேர்ந்த பசு, செப்டம்பர் இறுதியில் ஈனும். அதாவது, தன் உடலைத் தாங்கவே தீனி இல்லாத வேளையில் அது கன்றுக்கும் பால் சுரக்க வேண்டும். இளம் பசுவாயின் ஒருவாறு தாங்கும். பல் தேய்ந்த கிழப்பசு தன் சதையைக் கரைத்துப் பாலாக்கும், எலும்பும் தோலுமாகும், தண்ணீர்த் துறைக்குச் சென்று சேற்றில் கால் புதைந்தால் எழ வலுவின்றி அங்கேயே மடியும். தாய் மடிந்தால் கன்றும் மடியும். அருகில் மனிதர் இலர். அது நிகழ்ந்ததே பல மாதங்களுக்குப் பின்னர்த்தான் தெரியவரும்.

ஆகவே, மந்தையை ஓட்டி வந்து அடைக்கும் நாளில் பண்ணைக்காரன் முன் ஒரு வினா நிற்கிறது. இப்பசு இனி வளர்ப்புக்கு வேண்டுவதில்லை, விற்றுவிட வேண்டியது. ஆனால் இப்போது மெலிந்திருக்கிறது. ஒரு மழைக்காலம் மேய்ந்தால் தேறும். மேய விட்டாலோ காளை சேரும்; சினைப்படும்; மீண்டும் மெலியும், அல்லது சாகும். இதே வினா, வளர்ப்புக்குத் தெரிந்தெடுக்கப்படாத கிடாரிகளைப் பற்றியும் எழுகிறது. உடல் முற்றாத கிடாரி சினைப்பட்டால் ஈனும்போது துன்புறும். அன்றியும், கொழுக்க வைப்பதற்காக இந்தோனேசியா போன்ற நாடுகளுக்கு உயிருடன் கப்பலில் அனுப்பப்படும் பசுக்கள் சினையாக இருத்தல் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. இக்காரணங்களால்தான் அங்கே கத்தி வந்தது.

பெரியப்பாவின் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. பாலுக்காகப் பேணும் பசுவுக்குக் கன்று செல்வம். இறைச்சிக்காக, ஆளில்லா வெளியில் விடப்படும் பசுவுக்கோ, காலமல்லாக் காலத்தில் வரும் கன்று கூற்றுவனாகிவிடுகிறது. மாட்டிறைச்சித் தொழிலைப் பற்றி நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருத்து இருக்கலாம். அதனை இன்று நான் ஆராயப் புகவில்லை. அத்தொழில் நடைபெறும் நாட்டில் அப்பசு படும் பாட்டை மட்டும் காண்போம்.

இனி, அறுவை முறைகளைக் கூறுகிறேன். பசுவின் வயிற்றுள் கருப்பையின் இரு பக்கமும் நெல்லிக்காயளவில் இரண்டு சினைப்பைகள் உள்ளன. கருமுட்டை அங்கே முதிர்ந்து, மெல்லிய குழல் வழியாகக் கருப்பையை அடையும். பருவத்துக்கு வரச் செய்யும் சுரப்புகளும் அச்சினைப்பையில் தோன்றுவனவே. ஆகவே, சினைப்பையை நீக்கினால் பசு பருவத்துக்கு வராது, சினையும் பிடிக்காது. சினையின் முற்பகுதியைக் காப்பாற்றும் சுரப்பும் அங்கிருந்தே வருவதால், இளஞ்சினையாக இருக்கும்போது நீக்கினால் பெரும்பாலும் அச்சினை கலைந்துவிடும். முற்றிய சினைக்கு இவ்வறுவை செய்யலாகாது.

காளைக்குச் செய்வது புறத்தே உள்ள உறுப்பில். நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைகளில் பர்டிசோ என்னும் இடுக்கியால் தோலைக் கிழியாமலே அதனை முடித்துவிடுகிறார்கள். பசுவுக்குச் செய்வதோ வயிற்றின் உட்புறத்தில். இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது. இதனைப் 'பசுவுக்குக் காயடிப்பது' என்று எளிதாக எழுதிவிட எனக்குத் தோன்றாமைக்கு இஃதொரு காரணம்.

முறைகளுள் பழையது விலாப்பக்கம் திறக்கும் முறை. மாட்டை அசையாமல் நிறுத்தும் இரும்புச் சட்டத்தில் நிற்க வைத்து, கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே உள்ள பள்ளத்தில் மயிர் களைந்து, தோலையும் தசையையும் கீறி, கையை உட்செலுத்திச் சினைப்பைகளைத் துழாவி எடுத்து அறுத்துவிட்டு, தைத்து விடுவார்கள். புண் பெரிது. ஈயும் புழுதியும் நிறைந்த பட்டியில் அது ஆற வேண்டும்.

இரண்டாவது, பிறப்புவழியாகச் செய்யும் முறை. வில்லிஸ் என்பவரின் பெயரால் வழங்கும் முறை ஆஸ்திரேலியாவில் மிகுதியும் பின்பற்றப்படுகிறது. செய்பவர் ஒரு கையை மாட்டின் குதத்தினுள் செலுத்திச் சினைப்பையைப் பற்றிக்கொள்வார். மறு கையால், நுனியில் வெட்டுவாய் அமைந்த நீண்ட மெல்லிய கம்பி போன்ற கருவியைப் பிறப்புவழியே நுழைத்து, அதன் உட்சுவரைத் துளைத்து வயிற்றுள் செலுத்துவார். சினைப்பையை அந்த வெட்டுவாயில் பொருத்திக் கருவியை இழுத்தால் காம்பு அறுந்து, சினைப்பை வயிற்றுக்குள்ளேயே விழும். குருதி ஓட்டம் அற்றுப்போவதால் அது பெரும்பாலும் நாளடைவில் கரைந்துவிடும். சிற்சில வேளைகளில் வயிற்றினுள் எங்கேனும் ஒட்டிக்கொண்டு மீண்டும் உயிர்ப்பதும் உண்டு. அப்போது பசு பருவத்துக்கு வரும், ஆனால் குழலோடு தொடர்பின்மையால் சினை பிடிக்காது. வெளியில் புண் இல்லை, தையல் இல்லை. கை தேர்ந்த ஒருவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு இதனைச் செய்து முடிப்பார். அமெரிக்காவின் கொலராடோவில் கிம்பர்லிங், ரப் என்னும் இருவர் பெயரால் வழங்கும் கருவியும் இதனோடு ஒத்ததே. அதில் அறுந்த சினைப்பை, கருவியின் குழாய்க்குள் அகப்பட்டு வெளியே வந்துவிடும்.

மூன்றாவது, சினைப்பையை விட்டுவிட்டுக் கருமுட்டை செல்லும் குழலின் ஒரு பகுதியை மட்டும் அறுத்து நீக்கும் முறை. இதில் பசு பருவத்துக்கு வரும், காளையும் சேரும், சினை மட்டும் பிடிக்காது.

இம்முறைகள் எவற்றிலும் குருதிப் பெருக்கும் சீழ்பிடித்தலும் நேரலாம். சில மாடுகள் இறப்பதும் உண்டு. செய்பவரின் கைத்திறத்தைப் பொறுத்து இது மிகுதலும் குறைதலும் ஆகும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். சினைப்பையை எடுத்துவிட்டால் மாடு தானே கொழுக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அஃது உண்மையன்று. சினைப்பையின் சுரப்புகள் வளர்ச்சிக்கு உதவுவன. ஆகவே அவற்றை இழந்த கிடாரி, இழக்காத கிடாரியைவிட மிகுதியாக வளரும் என்பதற்கு இடமில்லை. சற்றுக் குறைவாக வளர்வதும் உண்டு. அறுவையால் கிட்டும் பயன், சினையும் பாலூட்டலும் ஆகிய சுமை இல்லாமற் போவதே. அச்சுமை வேறு வழியில் தவிர்க்கப்படுமானால் அறுவைக்கு வேலையே இல்லை. இக்கருத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்போது, மொழிபெயர்த்துக்கொண்டிருந்த என்னைக் கலங்க வைத்த பகுதிக்கு வருகிறேன். அது வலியைப் பற்றியது.

வெளியில் புண் தெரியாத முறையில் வலி இராது என்று பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். மாடு வலியை மறைக்கும் பிராணி. கொடுவிலங்குகளுக்கு இடையே வாழ்ந்த அதன் முன்னோர், நொண்டினால் இரையாவோம் என்று கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கத்தவில்லை, படுக்கவில்லை என்பதால் துன்பமில்லை என்று முடிவு செய்தல் பிழை. குவீன்ஸ்லாந்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் திமிலுடைய பசுக்களிடத்தும் கிடாரிகளிடத்தும் இதனை ஆராய்ந்து 2013-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். குருதியில் துன்பத்தைக் காட்டும் பொருள்களின் அளவையும், மாடுகளின் நடத்தையையும் கொண்டு அவர்கள் கண்டது இதுதான்: இரண்டு முறைகளும் மாட்டைத் துன்புறுத்துவனவே; அவற்றுள் விலாவைத் திறக்கும் முறையின் துன்பமே நீண்டு நிற்பது. எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டுமாயின் பிறப்புவழி முறையே மேல்.

வலியைத் தணிக்க வழியுண்டா என்றால், உண்டு. விலாவைக் கீறுமுன் அவ்விடத்தில் லிக்னோகெய்ன் போன்ற மருந்தை ஊசியால் செலுத்தி மரத்துப்போகச் செய்யலாம். மெலாக்சிகாம் போன்ற மருந்துகள் அறுவைக்குப் பிந்திய வலியையும் வீக்கத்தையும் தணிப்பன. ஆனால் சினைப்பையின் காம்பை மரக்கச் செய்வது எளிதன்று. வாலடியில் முதுகெலும்பின் இடையே ஊசி போட்டால் பின்புறம் மரக்கும். சினைப்பையின் நரம்புகளோ அதற்கும் மேலிருந்து வருவன. ஆகவே காம்பை இழுத்து அறுக்கும் அந்நொடியின் வலியை அவ்வூசி தடுப்பதில்லை.

ஆஸ்திரேலிய நாட்டின் மாட்டு நல விதிகள் 2016-ஆம் ஆண்டில் அங்குள்ள அரசுகளால் ஏற்கப்பட்டன. விலாவைத் திறந்து செய்யும்போதும், குழலை அறுக்கும்போதும் வலிதணிப்பு கொடுத்தே தீர வேண்டும் என்று அவ்விதி கூறிற்று. பிறப்புவழி முறைக்கு அவ்வாறு கட்டாயம் விதிக்கவில்லை. இதனினும் கடுமையாக விதித்துக்கொள்ளும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு. அறுவையைச் செய்பவர் கால்நடை மருத்துவராகவோ, மாநிலச் சட்டம் இடங்கொடுக்குமிடத்துத் தக்க பயிற்சியும் ஒப்புதலும் பெற்றவராகவோ இருத்தல் வேண்டும் என்பதும் விதி.

கண்ணுக்குத் தெரியும் புண்ணுக்கு மருந்தைக் கட்டாயமாக்கி, தெரியாத புண்ணுக்கு அதனைச் செய்பவரின் விருப்பத்துக்கு விட்டது ஏன்? மரக்கச் செய்வது கடினம், ஆளும் காலமும் குறைவு, செலவு மிகுதி என்று காரணங்கள் கூறப்படுகின்றன. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மாடுகள் சட்டத்தினுள் வந்து போகும்போது, ஒவ்வொன்றிற்கும் சில நிமிடம் கூட்டினால் வேலை இரட்டிக்கும் என்பது மெய்யே. ஆயினும், பசுவைச் சாவிலிருந்து காப்பதற்காகவே இவ்வறுவை என்று சொல்லுவோர், அப்பசுவின் வலிக்கு ஆகும் மருந்துச் செலவைக் கணக்கிலிருந்து தள்ளுவது முறையாகாது. காப்பது அதன் பொருட்டு என்றால், செலவும் அதன் பொருட்டு இருத்தல் வேண்டும். காப்பது இலாபத்தின் பொருட்டு என்றால், இலாபத்தில் ஒரு பங்கேனும் அதற்கு உரியது.

அறுவையின்றியே இதனைச் சாதிக்கும் வழிகளும் இருக்கின்றன. வேலியிட்டு நிலத்தைப் பிரித்து, காளைகளை ஆண்டில் சில மாதங்கள் மட்டும் மந்தையில் விட்டால், கன்றுகள் மழைக்காலத் தொடக்கத்தில் பிறக்கும். மந்தை அடைக்கப்படும் நாளில் பசுக்களைச் சோதித்து, சினையானவற்றையும் ஆகாதவற்றையும் தனித்தனியே பிரிக்கலாம். கன்றுகளை முன்னதாகவே தாயிடமிருந்து பிரித்துத் தீனியிட்டு வளர்த்தால், தாய்ப்பசு வறட்சியைத் தாங்கும். சினைப்படாமற் காக்கும் தடுப்பூசி ஒன்றும் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. சில வார இடைவெளியில் இரு முறை போட வேண்டியிருந்த அது, மாட்டை ஆண்டுக்கொரு முறை பிடிப்பதே அரிதாகிய நிலத்தில் நிலைபெறவில்லை. வேலிக்கும் முதல் வேண்டும். 12,000 சதுர கிலோமீட்டருக்கு வேலி என்றால் எவ்வளவு கம்பி வேண்டும் என்பதைத் தாங்களே எண்ணிக்கொள்ளலாம். அப்படியும் ஆண்டுதோறும் வேலிகள் கூடி வருகின்றன. அறுவை வேண்டாத மந்தைகளும் ஆங்காங்கே தோன்றியிருக்கின்றன.

வேலி என்றவுடன் எனக்குப் பெரியப்பாவின் கொறங்காடு நினைவுக்கு வருகிறது. காங்கேயத்து மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிலும் கிளுவை முள்ளால் உயிர்வேலி இருக்கும். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு கதவு. எந்த மாடு எந்தக் காட்டில், எப்போது காளை சேர்ந்தது, எப்போது ஈனும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். சில ஏக்கருக்கு உரியவர் அவ்வாறு இருக்க முடிந்தது. ஆயிரக்கணக்கான மாடுகளுக்கு ஒருவர் பொறுப்பேற்கும்போது, மாடு முகமிழந்து எண்ணாகிறது. கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டியதைக் கத்தியால் செய்ய வேண்டியதாகிறது. நம் முறை உயர்ந்தது, அவர்கள் முறை தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. கறவை நின்ற பசு இந்நகரத்துக் குப்பைத் தொட்டியருகே நெகிழித்தாள் தின்று நிற்பதை நாள்தோறும் கடந்து செல்லும் நாம், அயலாரைப் பழிப்பதற்கு முன் சற்றுத் தயங்க வேண்டும். அப்பசுவுக்கும் உரியவன் ஒருவன் இருந்தான். அவனும் அதனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

இனி, சொல்லுக்கு வருகிறேன். 'மலடாக்குதல்' என்பதை நான் எழுதவில்லை. மலடு என்னும் சொல்லை நம் சமூகம் எத்தனை பெண்களின் மீது எறிந்திருக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு குறையைச் சுட்டும் பழிச்சொல்லை, மனிதன் தன் தேவைக்காகச் செய்யும் வினைக்குப் பெயராக்குதல் பொருந்தாது. 'கருத்தடை' என்றும் எழுதவில்லை. அச்சொல்லில், தானே எண்ணித் துணியும் ஒருவரின் விருப்பம் அடங்கியிருக்கிறது. பசுவை எவரும் கேட்பதில்லை. முடிவில் 'சினைப்பை நீக்கம்' என்று எழுதினேன். அழகான சொல்லன்று. ஆனால் எது எடுக்கப்படுகிறது என்பதை அது ஒளிக்காமல் சொல்லுகிறது. குழலை மட்டும் அறுக்கும் முறைக்கு அது பொருந்தாதாகையால், அதனைக் 'குழல் நீக்கம்' என்று வேறுபடுத்தினேன். மேலதிகாரியும் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்.

கட்டுரையை முடித்த அன்று மாலை பெரியப்பாவை மீண்டும் அழைத்தேன். அந்நாட்டின் வறட்சியையும், பார்ப்பாரின்றி மடியும் பசுக்களையும், அதனால் வந்த அறுவையையும் எடுத்துச் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். ஈனாத மாட்டை வைத்து என்ன செய்வது என்று இம்முறை கேட்கவில்லை. "அப்படியா சங்கதி" என்றார். பிறகு, "மரக்க வெச்சுத்தானே கண்ணு செய்யறாங்க?" என்றார்.

சில இடங்களில் செய்கிறார்கள், சில இடங்களில் இல்லை என்றேன்.

"அதை எழுதினாயா?" என்றார்.

எழுதினேன் என்றேன். மூலத்தில் அது ஒரு பத்தியின் நடுவில் ஒரே வரியாக இருந்தது. மொழிபெயர்ப்பாளன் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஆகவே தமிழிலும் அது ஒரு வரியாகவே இருக்கிறது. அலுவலகத் தாளில் கூட்ட இயலாததை, இங்கே தங்களிடம் சற்று விரித்துக் கூறினேன்.